படகுக்கு ஒரு பங்கு

சரியான விடையைச் சொன்னாலும் அவள் விடமாட்டாள். தப்பாகச் சொன்ன பிள்ளையைக் கேள்வி கேட்டுக் குடைகிற டீச்சர்களை எல்லாருக்கும் தெரியும். நானே அந்த ரகம்தான். இவள் சரியாகச் சொன்ன பிள்ளையையும் நிறுத்திவைத்து, "எப்டி வந்துச்சு?" என்று கேட்பாள். அந்தப் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். சரியாகத்தானே சொன்னோம், பிறகு எதற்குக் கேட்கிறார்கள் என்று அழுகை முட்டிக்கொண்டு வரும். "பயப்படாத. நீ சொன்னது ரைட்டுதான். எனக்குத் தெரியணும், அதான் கேக்குறேன். அவசரம் இல்ல, யோசிச்சு சொல்லு" என்பாள். சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருப்பாள். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் சளசளக்கும், வெளியே மணி அடிக்கும், இவள் பாட்டுக்கு அந்த ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகளிடம் மட்டும் என்றால் பரவாயில்லை. பஸ்ஸில் கேட்பாள், டீக்கடையில் கேட்பாள். ஒருமுறை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நான் கறுப்பா இருக்கேன்டி, அதான்" என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மெதுவாக, "கறுப்பா இருக்கறதாலனு எப்டி வந்துச்சு? அவங்க சொன்னாங்களா, நீயா போட்டியா?" என்றாள். நானாகத்தான் போட்டிருந்தேன். அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய அம்மா இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இது எங்காவது அந்த அம்மா கையில் கிடைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போய் மகள் பெயரில் நிற்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர் பயிற்சியில் ஒரே பெஞ்சு. நான் எளாவூர். நைனா, அதாவது என் அப்பா, செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டாக் கடை வைத்திருந்தார். அவள் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு ஊர். அவளுடைய நைனாவுக்கு ஏரியில் இறால், நண்டு, மடவை மீன் பிடிக்கிற தொழில். தினமும் காலையில் படகில் வந்து, கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வருவாள். எங்கள் யூனிபார்ம் சேலை மாம்பழ மஞ்சள். அவள் சேலையில் மட்டும் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு உப்பு காய்ந்து வெள்ளைக்கோடு போட்டிருக்கும். "தோச்சு கட்டக் கூடாதாடி?" என்று கேட்டேன். "தோய்க்காமயா? இது நேத்தித்து இல்ல, இன்னிக்கித்து" என்றாள்.

அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தால் யாரும் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் காலி இடம். நான்கு வரி எழுதியிருப்பாள், பிறகு அரைப் பக்கம் வெறுமை, மறுபடி நான்கு வரி. எங்கள் கணக்கு சார் ஒருநாள் பின்னத்தால் வகுப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "வகுத்தல் குறியை எடு, பெருக்கல் போடு, பின்னத்தைத் தலைகீழாத் திருப்பு, முடிஞ்சுது" என்றார். இவள் எழுந்து நின்றாள்.

"எப்டி சார் வந்துச்சு?"

"எது?"

"திருப்பறது சார். ஏன் திருப்பணும்?"

"திருப்பினா விடை வருதும்மா. எழுதிக்கோ."

எழுதிக்கொள்ளவில்லை. இடம் விட்டாள். "இன்னாடி இது, பேப்பரு ஓசியா வருதா?" என்றேன். "புரியாததை எழுதிட்டா, புரிஞ்சிடுச்சுனு நெனச்சுக்குவேன் சுமதி. வந்ததும் எழுதிக்கலாம்" என்றாள்.

ஐந்து மாதம் கழித்து அந்த இடம் நிரம்பியது. ஒருநாள் காலை பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள், மூச்சு வாங்க. "தொறைல ஐஸ் வண்டி வந்துச்சுடி. ஆறு கட்டி ஐஸு. பொட்டிக்கு அரைக் கட்டி போட்டாங்க. எத்தினி பொட்டி?" நான் கொட்டாவி விட்டபடி, "பன்னண்டு" என்றேன். "அதான்டி! ஆற அரையால வகுத்தா பன்னண்டு. ஒவ்வொரு கட்டியும் ரெண்டு பொட்டிக்கு வருது, அதனாலதான் ரெண்டால பெருக்குறோம். திருப்பறது இல்ல அது, எண்ணறது!" பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து வேறு மையில் எழுதினாள். பஸ் குலுங்கியதில் எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

இன்னொரு நாள் சார் மீச்சிறு பொது மடங்கு நடத்தினார். அவர் பாதி சொல்வதற்குள் இவள், "எங்க ஊர் பாடு மாதிரி சார்" என்று கை தூக்கினாள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று அவர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். "ஒரு எடத்துல எங்க நைனாவுக்கு ஆறு நாளைக்கு ஒரு வாட்டி முறை வரும் சார், இன்னொரு எடத்துல எட்டு நாளைக்கு ஒரு வாட்டி. ரெண்டும் ஒரே நாளா வந்தா பேஜாரு, ஒரு ஆளு ரெண்டு எடத்துல நிக்க முடியாது. அது இருவத்திநாலாம் நாளு வரும்னு நைனா வெரல வுட்டு எண்ணாமயே சொல்வாரு." சார் சிரித்தார். "மீன் கதை வேணாம்மா, மடங்கை எழுது" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அதே சார் அடுத்த மாதம் எங்களைக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது, "கணக்கை உள்ளூர் வாழ்க்கையோட இணைக்கணும். அதுக்கு தனி மார்க் இருக்கு" என்றார். எங்கள் இருவருக்கும் ஏரிக்கரையோரம் ஒரு தொடக்கப் பள்ளி விழுந்தது. நான் காலையில் எளாவூரில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். உள்ளூர் வாழ்க்கையோடு இணைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. புத்தகத்தில் மாம்பழம் என்று இருந்தது. அதை அடித்து மீன் என்று எழுதினேன். மூன்று பேர் சேர்ந்து இருபத்துநான்கு மீன் பிடித்தார்கள், சமமாகப் பங்கு போட்டால் ஒருவருக்கு எத்தனை மீன் கிடைக்கும்? இணைத்தாயிற்று.

நான்காம் வகுப்பில் அதைக் கொடுத்தேன். இருபத்தெட்டுப் பேரில் பாதிக்கு மேல் ஆறு என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, சிவப்புப் பேனாவை எடுத்து வரிசையாகக் கிழித்தேன். மதியம் சாப்பிடும்போது அவள் அந்த நோட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு, இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சோற்றுக் கை அப்படியே காய்ந்துவிட்டது.

"எல்லாரும் ஆறுனு போட்ருக்காங்க."

"காப்பி. வேற இன்னா?"

"கேட்டியா?"

"இதுல இன்னாடி கேக்கறதுக்கு கீது? மூணெட்டு இருவத்திநாலு."

கையைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போய், முன் வரிசையிலிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை. "ஆறுனு போட்ருக்கியே, எப்டி வந்துச்சு? அவசரம் இல்ல." அந்தப் பிள்ளை என்னை ஒருமுறை பயந்து பார்த்தது. பிறகு இவளிடம் சொன்னது:

"மூணு பேரு டீச்சர். அப்பறம் படவுக்கு ஒரு பங்கு. நாலு பங்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "படகு மீன் தின்னுமா?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தது. "படவு ஓட்டையாப் பூட்டா யாரு டீச்சர் அடைக்கறது? படவுக்காரரு தானே? அதுக்குக் காசு அவரு அந்தப் பங்குலருந்துதான் எடுக்கணும்."

பின்னாலிருந்து ஒரு பையன், "வலைக்கும் பங்கு கீது டீச்சர்!" என்று கத்தினான். அவன் நோட்டில் விடை இப்படி இருந்தது: ஒருவருக்கு நாலு, மீதி நாலு, அது குழம்புக்கு. நான் அதையும் சிவப்பால் கிழித்திருந்தேன்.

அவள் முகத்தில் அந்த ஐஸ் கட்டி நாளின் சந்தோஷத்தை இரண்டாவது முறையாக அப்போதுதான் பார்த்தேன். திரும்பி வரும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையே பேசினாள். டீயில் ஆடை கட்டிவிட்டது.

"அதுங்க தப்பா போடல சுமதி. வேற கணக்க போட்டுச்சுங்க. இருவத்திநால நாலால வகுத்தா ஆறுதானே? வகுத்தல் கரெக்டு. யாரு யாருக்குப் பங்குன்னு நம்ம கேள்வி சொல்லவே இல்ல. நம்ம கேள்வியில படவே இல்லாமப் புடிச்சுட்டாங்க மீன."

"பரீட்சையில எட்டுதான்டி கேப்பான்."

"கேக்கட்டும். பரீட்சைல படவுக்குப் பங்கு இல்ல, அங்க எட்டுனு சொல்லித் தரணும். அதச் சொல்லாம நீ செவப்புல கிழிச்சா அதுங்க இன்னா நெனச்சுக்கும்? எங்க வூட்டுக் கணக்கே தப்புனு நெனச்சுக்கும். நான் நெனச்சேன். எட்டாவது வரைக்கும் எங்க நைனாவுக்குக் கணக்கு தெரியாதுனுதான் நெனச்சுக்கினு இருந்தேன்."

நான் டீயைக் குடிக்கச் சொன்னேன். எனக்கும் அவள் சொல்வது புரிந்துதான் இருந்தது. புரிந்தது என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பின்னால் நான் செய்ததைப் புரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று என்னைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து உற்றுநோக்கல் தாள் நிரப்ப வேண்டும். அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் முதல், அடுத்தது நான். இந்த ஆசிரியர் படிப்பை முடித்தால்தான் அவளுக்கு மேற்கொண்டு எல்லாம். அவள் ஊரில் அதுவரை ஒரு பெண்ணும் டீச்சர் ஆனதில்லை. "இத முடிச்சிட்டா நம்ம ஊர் ஸ்கூலுக்கே வந்துருவேன்னு நைனாகிட்ட சொல்லிக்கீறேன். முடிக்கலனா கல்யாணம்னு அவரு சொல்லிக்கீறாரு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேலை நனையாமலிருக்க அதை முந்தின நாளே என்னிடம் கொடுத்துவிட்டாள். தேர்வன்று பள்ளிக்கு வந்து மாற்றிக்கொண்டாள். உப்புக்கோடு இல்லாமல் அவளைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

என்னுடைய அதே மீன் கணக்கைத்தான் அவள் நடத்தினாள். முதலில் கேள்வியை எழுதினாள். விடை என்ன என்று கேட்காமல், "உங்க வூட்ல எப்டிப் பங்கு போடுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பு பொங்கி எழுந்தது. இரட்டைப் பின்னல் பிள்ளை எழுந்து வந்து கரும்பலகையில் நான்கு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி வைத்து, பக்கத்தில் பெரிதாக 6 என்று எழுதியது. படகே இல்லாவிட்டால் எத்தனை, வலைக்கும் பங்கு கொடுத்தால் எத்தனை என்று அடுத்து கேட்கப் போகிறாள். பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருந்தது, நான் படித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் தேர்வாளர் உள்ளே வந்தார்.

கெட்ட மனிதர் இல்லை. வயதானவர். காலையிலிருந்து பத்துப் பேரைப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டியவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேள்வியைப் படித்தார், விடையைப் பார்த்தார்.

"இருபத்துநாலை மூணால வகுத்தா ஆறாம்மா?"

"இல்ல சார். அந்தப் பொண்ணு படகுக்கும் ஒரு பங்கு வெச்சிருக்கா சார். இப்ப படகு இல்லாம..."

"கேள்வியில படகு எங்க இருக்கு?"

"இல்ல சார். அதத்தான் சார் அவங்களே..."

"அழிச்சிட்டு சரியானதை எழுதும்மா. பசங்க தப்பாப் பாத்துக்கிட்டு இருக்காங்க பாரு." அன்பாகத்தான் சொன்னார்.

டஸ்டர் மேசையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை கையில் சாக்பீஸோடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. "சார், எப்டி வந்துச்சுனு அவகிட்ட ஒரு வாட்டி கேளுங்க சார்" என்றாள்.

"குழந்தைக்கு என்னம்மா தெரியும்? நீதான் சொல்லித் தரணும்" என்று சொல்லிவிட்டு அவர் பின் பெஞ்சுக்கு, என்னிடம் வந்தார். என் தாளில் 'பாடப்பொருளில் பிழைகள்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் விரல் வைத்தார். "நீ சொல்லும்மா. விடை என்ன?"

"எட்டு சார்."

"போர்டுல இருக்கறது?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சைகை காட்டவில்லை. பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அப்படித்தான் நின்றாள், அவசரமில்லாமல்.

"தப்பு சார்" என்றேன்.

"அப்ப எழுது."

'விடை பிழை' என்று எழுதினேன். அழகாக எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும். எத்தனை வார்த்தை ஆகியிருக்கும்? "சார், நானும் இதே கணக்கைக் கொடுத்தேன், எனக்கும் ஆறுதான் வந்தது, இவள் சொல்வது சரி." இவ்வளவுதான். அடுத்தது என் பாடம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மீன் கணக்கை மூட்டை கட்டிவிட்டு மாம்பழத்துக்கே திரும்பினேன். அந்த ஏரிக்கரையில் நான் ஒரு மாமரத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று பேர், இருபத்துநான்கு மாம்பழம், எட்டு. தேர்வாளர் தலையாட்டினார். பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் என் தாளை நிரப்பினாள். பிழைகள் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

பாடம் எடுத்தவர் உற்றுநோக்கல் தாளின் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் நிரப்பிய தாளை வாங்கிப் படித்தாள். அந்த இரண்டு வார்த்தையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேனாவை என்னிடமே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் படகுத்துறை வரைக்கும் ஒன்றாக நடந்தோம். கரையை நெருங்கியபோது கேட்டாள்.

"சுமதி, நீ எழுதினது எப்டி வந்துச்சு?"

"இன்னாடி எப்டி? இருவத்திநால மூணால வகுத்தா எட்டு."

"அது இல்ல. எழுதினது."

குற்றம் செய்தவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்குக் கண் கிடையாது. கத்தினேன். "ஒரு ஆற அழிச்சிருந்தா இந்நேரம் நீ பாஸு! அழிக்கறதுக்கு இன்னா கேடு உனக்கு? பெரிய இவளாட்டம் நின்னியே!"

"அந்தப் பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சுடி. அது எதிர்ல எப்டி அழிப்பேன்" என்றாள். அழவில்லை. பள்ளியிலேயே சேலையை மாற்றி, மஞ்சள் சேலையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அவசரம் இல்ல. அப்பறமா சொல்லு" என்றாள். படகிலிருந்த அவளுடைய நைனா கை கொடுத்து ஏற்றினார்.

அவள் தேறவில்லை. நான் தேறினேன். மறுதேர்வு எழுதப் போகிறேன் என்று ஒருமுறை போன் செய்தாள். நைனா ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டாராம். "ஊர்ல பசங்களுக்கு சும்மா சொல்லிக் குடுத்துக்கினு கீறேன். எங்க அம்மாவும் வந்து குந்திக்கினு அ, ஆ எழுதுது, தமாஷா கீது" என்றாள். படகுத்துறையில் கேட்டதற்கு நான் பதில் சொல்லுவேன் என்று கொஞ்சம் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். கடையில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட இரண்டு தடவையும் நான் எடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. ஆரம்பாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. பட்டயச் சான்றிதழை வாங்கப் பயிற்சி நிறுவனத்துக்குப் போனபோது, ஆபீஸில் இருந்தவர், "உன் பெஞ்சுப் பொண்ணோட ஒரிஜினல் எல்லாம் இங்கயே கெடக்கு. மறுதேர்வுக்கும் வரல. உனக்கு வீடு தெரியும்ல, குடுத்துடறியா?" என்று ஒரு உறையை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல். பன்னிரண்டாவதில் கணக்கில் அவள் என்னைவிட எவ்வளவோ அதிகம். பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். நேரில் போய், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மனசுக்குள் வசனமெல்லாம் தயார் செய்துகொண்டேன்.

படகுக்காரரிடம் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ இன்னா வேணும் அதுக்கு?" என்று கேட்டார். கூடப் படித்தவள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரை சேரும் வரை துடுப்பைப் போட்டார்.

காய்ச்சல். நான்கு நாள் கடை மாத்திரையில் ஓட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் பேச்சு குழறியதும் படகில் ஏற்றியிருக்கிறார்கள். கோடையில் முகத்துவாரம் தூர்ந்து, கடல் தண்ணீர் வராமல் ஏரி வற்றியிருந்தது. படகு பாதி வழியில் சேற்றில் தட்டிவிட்டது. அவளுடைய நைனாவும் இன்னும் நான்கு பேரும் இறங்கி இடுப்பளவு சேற்றில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கரைக்கு வந்து, வண்டி பிடித்து, பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மறுதேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அவளுடைய அம்மா இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்தபடி, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். நான் கொடுத்த உறையைப் பிரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நீ கூடப் படிச்ச பொண்ணுதானே. நீ சொல்லு கண்ணு. அவளுக்குக் கணக்கு தெரியாதுன்னு எழுதிட்டாங்களாமே? என் பொண்ணுக்கா கணக்கு தெரியாது?"

"தெரியும்மா. எங்க எல்லாரையும் விட நல்லாத் தெரியும்."

"அப்பறம் யாரு அப்டி எழுதினது?"

வாய் வரைக்கும் வந்தது. நான்தான்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கை என் கையை அவ்வளவு நம்பிப் பிடித்திருந்தது. "யாரோ சார்ம்மா, வெளியூர்" என்றேன். அதைச் சொன்னதில், 'விடை பிழை' என்று இரண்டாவது தடவையும் நான்தான் எழுதினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள். "இது உன்னுதாட்டம் கீது. உன் பேரு எழுதிக்கீது பாரு. சு, ம, தி. நானே படிச்சேன்" என்று விரலை வைத்துக் காட்டினாள். காட்டியபோது முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அதைப் பார்த்ததும் உடைந்துபோனேன். படகுத்துறை வரை சத்தம் போட்டு அழுதுகொண்டே போனேன்.

அவளுடைய கணக்கு நோட்டுதான். தேர்வுக்குப் பிறகு காலி இடங்களில் பாதிக்கு மேல் நிரப்பியிருந்தாள், வேறு வேறு மையில். கடைசிப் பக்கத்தில் மேலே என் பெயர். அதன் கீழே, 'எப்டி வந்துச்சு?' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 'அவசரம் இல்ல' என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே முழுப் பக்கமும் இடம் விட்டிருந்தாள்.

இப்போது என் வகுப்பில் நான் சிவப்புப் பேனா வைத்துக்கொள்வதில்லை. எப்படி வந்தது என்று கேட்கிறேன். பிள்ளைகள் சொல்கிறார்கள், சில நேரம் நானே வாயடைத்துப்போகிறேன். பார்க்கிறவர்கள் நல்ல டீச்சர் என்கிறார்கள். அந்தப் பெயர் அவள் வாங்கியிருக்க வேண்டியது.

அந்தப் பக்கத்தில் போன மாதம்தான் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதினேன். 'பயந்துட்டேன்.' எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, சரி, அந்தப் பயம் எப்டி வந்துச்சு என்று கேட்பாள். வார்த்தைக்குக் கீழே மீதிப் பக்கத்தை அப்படியே விட்டு நோட்டை மூடினேன்.